பரந்துபோன பிஸ்கட்டும் வாங்காத பற்றுச்சீட்டும்

நத்தாருக்கு முதல் வாரம் என் மச்சாள் சுட்ட பிஸ்கட் தட்டிலேயே இளகிப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. "என்ர கை இதுக்குச் சரிவராது" என்று மிச்ச மாவை மூடி வைத்துவிட்டாள். கையில் குற்றமில்லை. மாஜரீன் கேட்டுத்தான் வாங்கினாள். கடையில் கொடுத்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் ‘பற் ஸ்பிரெட்’ என்றிருந்தது. மாஜரீனில் 80 வீதம் கொழுப்பு இருக்கவேண்டும். ஸ்பிரெட்டில் கொழுப்பு குறைவு, தண்ணீர் கூட. பாணுக்குப் பூச அது போதும், பிஸ்கட்டுக்கு உதவாது.

மாறித் தந்த பொருளுக்கு நியாயம் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். அவள் கேட்கவில்லை, எங்களில் பலர் கேட்பதில்லை. சீட்டும் டப்பாவும் கையில் இருந்தால் அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். வண்டு விழுந்த மா, காலாவதித் திகதி அழிக்கப்பட்ட பொதி என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பொதியை எறிந்துவிடாதீர்கள், மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

நல்ல பட்டரே வாங்கினாலும் எங்கள் வெயில் விடாது. பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். வைகாசியில் குசினிச் சூடும் அதற்குக் கிட்டத்தான். பிசைந்த மாவை அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள், சூடு ஆறாத தட்டில் அடுத்த ஈட்டை வைக்காதீர்கள். அடி கருகி உள்ளே பச்சையாக இருந்தால் அவன் அடுப்பின் வெப்பம் காட்டும் முள் பொய் சொல்லக்கூடும். உள்ளே தனி வெப்பமானி வைத்து, 170க்கும் 180க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். பேரீச்சம்பழக் கேக் நடுவில் களியாக நின்றால் தட்டு சின்னது, கலவை தடிப்பு. பேக்கிங் பவுடரில் சந்தேகமா? அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடுங்கள், நுரைத்துப் பொங்காவிட்டால் அது செத்துவிட்டது.

பிள்ளைகளைப் பச்சை மாவை வழித்துத் தின்ன மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். முட்டையில் சல்மொனெல்லா இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியும், கோதுமை மாவும் வேகாத பொருள் என்பதை மறந்துவிடுகிறோம். 2016இல் அமெரிக்காவில் மாவிலிருந்த ஈகோலைக் கிருமியால் 60இற்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்.

காஸ் அவன் வைத்திருப்பவர்களுக்கு 2021 கார்த்திகை மறந்திருக்காது. சிலிண்டர் வாயுவின் கலவை மாறி நாடெங்கும் அடுப்புகள் வெடித்த மாதம் அது. குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. வால்வைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்துவிடுங்கள், மின்சுவிச்சைத் தொடவேண்டாம்.

வீட்டில் சுட்டு விற்கும் பெண்கள் இப்போது பலர். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். சேர்மானம், நிறை, காலாவதித் திகதி, முகவரி எல்லாம் பொதியில் இருக்கவேண்டும். கச்சான் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயம் பெரிதாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மூச்சடைக்க ஒரு கடி போதும்.