குழந்தை விழுங்கியது காசா? பேட்டரியா?

உங்கள் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா? இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தை இருக்கிறதா? அது தரையில் கிடப்பதை எல்லாம் எடுக்கும். எடுத்ததை வாயில் போடும். திட்டிப் பயன் இல்லை. 6 மாதம் முதல் 3 வயது வரை அப்படித்தான்.

குழந்தைகள் அதிகம் விழுங்குவது காசு. காசு வயிற்றுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் பயம் இல்லை. சில நாளில் மலத்தோடு வந்துவிடும். சில சமயம் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்போது எச்சில் ஒழுகும். குழந்தை சாப்பிட மறுக்கும். சில குழந்தைகளிடம் எந்த அடையாளமும் தெரியாது. எனவே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நல்லது. சிக்கிய காசை மருத்துவர் வாய் வழியாகவே எடுத்துவிடுவார்.

காசைப் போலவே இன்னொரு பொருள் உண்டு. அது பட்டன் பேட்டரி. கைக்கடிகாரம், பாட்டுப் பாடும் பொம்மை, சிறு டார்ச், சில ரிமோட்டுகள் இவற்றில் இருக்கும். வட்டமாகப் பளபளக்கும். பெரிய பேட்டரி 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்க அது போதும்.

பேட்டரி உடைந்து மருந்து ஒழுகினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையாவிட்டாலும் ஆபத்துதான். உணவுக்குழாய் ஈரமானது. ஈரம் பட்டதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் பாய்கிறது. அதனால் அந்த இடத்தில் காரம் உண்டாகிறது. சோப்பு காய்ச்சப் போடும் காஸ்டிக் சோடா கையில் பட்டால் என்ன ஆகும்? அதேதான் குழந்தையின் நெஞ்சுக்குள் நடக்கிறது. 2 மணி நேரத்திலேயே சதை வெந்துவிடும். பிறகு ஓட்டை விழலாம். பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாய் அரித்துப்போய் ரத்தம் கொட்டலாம். பேட்டரியை வெளியே எடுத்துச் சில நாள் கழித்தும் இது நடக்கலாம். தீர்ந்துபோன பேட்டரியும் லேசானது அல்ல. கடிகாரத்தை ஓட்டப் போதாத மின்சாரம் சதையைப் புண்ணாக்கப் போதும்.

காந்தத்தாலும் ஆபத்து உண்டு. இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலின் மடிப்புகளை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இடையில் நசுங்கிய குடல் ஓட்டையாகிவிடும்.

விழுங்கியது காசா பேட்டரியா என்று தெரியவில்லையா? பேட்டரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 112-க்குப் போன் செய்யலாம். எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரி வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும்.

வாழைப்பழம் கொடு, சோற்று உருண்டை கொடு என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விட்டுத் துழாவாதீர்கள். தேன் ஒன்றுதான் விலக்கு. பேட்டரி விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல் இருக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். விழுங்கவும் முடிய வேண்டும். அப்படியானால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணின் வேகத்தைக் குறைக்கும். வீட்டில் தேன் இல்லையா? கடையைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

இன்றே வீட்டில் உள்ள ரிமோட்டையும் பொம்மையையும் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி ஆடுகிறதா? டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். தீர்ந்த பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.