நாய்க்கு இடும் எலும்பு

நாய்க்கு எலும்பு போடுவதைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்களுள் சிலர் எண்ணக்கூடும். பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகியவன் நான். சிறு பொருள் என்று நாம் ஒதுக்குகின்றவற்றில் உடலியலும் வேதியியலும் மறைந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேலும், இப்பொருளில் நான் ஒருமுறை பெரும்பிழை செய்தவன்; ஆதலின் பேசுவதற்குச் சற்று உரிமை உடையவன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. சுற்றிலும் கரிசல் நிலம். இப்பகுதிக்கு அண்மையிலுள்ள சிப்பிப்பாறை என்னும் சிற்றூரின் பெயரால் ஓர் இன நாய் இன்று இந்தியா முழுவதும் அறியப்படுகிறது. ஒடுங்கிய வயிறும் நீண்ட முகமும் குட்டையான மயிரும் கொண்டு, காற்றைப்போல் ஓடும் நாய் அது. அதற்கு உறவு போன்றது கன்னி நாய். இராசபாளையம் நாயோ 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல்தலையிலேயே இடம்பெற்றுவிட்டது. இந்நாய்களை எங்கள் முன்னோர் முயல் வேட்டைக்கென வளர்த்தனர். கம்பங்கூழும் மோரும் அவற்றின் அன்றாட உணவு. வேட்டை வாய்த்த நாளில் காட்டிலேயே பச்சை இறைச்சியும் எலும்பும் கிடைக்கும். உண்டது காட்டில், உறங்கியது தொழுவத்தில். ஆகவே எலும்பினால் வீடு அழுக்காகும் என்ற வழக்கே அன்று எழவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வேட்டையைத் தடை செய்தது, அது நன்றே. வேட்டை நின்றது, தொழுவங்களும் குறைந்தன, நாய் மெல்ல மெல்லத் திண்ணைக்கும், திண்ணையிலிருந்து ஓடு பதித்த கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன் பற்கள் மட்டும் காட்டிலேயே நின்றுவிட்டன.

அப்பற்களை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். உங்களுக்குப் பழகிய நாயாக இருந்தால் மட்டும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். கன்னத்தின் பின்புறம், மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும், கீழ்த்தாடையின் முதற் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் உரசிச் செல்கின்றன. நம் தாடை பக்கவாட்டிலும் அசைந்து அரைக்கும். நாயின் தாடை பெரும்பாலும் மேலும் கீழுமே அசையும். அது அரைக்கப் பிறந்ததன்று, வெட்டவும் நொறுக்கவும் பிறந்தது. எலும்பைக் கடிக்கும் நாய் தலையை ஒருபுறம் சாய்ப்பது இதனாலேயே.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், எங்கள் வீட்டில் சந்தன நிறச் சிப்பிப்பாறை நாய் ஒன்று இருந்தது. ஒரு தீபாவளியன்று கோழிக் குழம்பு. இலையில் எஞ்சிய எலும்புகளை எல்லாம் வாரி, அன்பு மிகுதியால், அதன் முன் கொட்டினேன். மாலையில் அது வாயைக் காலால் பிறாண்டத் தொடங்கியது; உமிழ்நீர் ஒழுகியது; இரவு முழுவதும் குனிந்து குனிந்து குமட்டியது. மறுநாள் விடியலில் சைக்கிளின் பின்னிருக்கையில் சாக்கு விரித்து, நண்பர் ஒருவர் பிடித்துக்கொள்ள, அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். தொண்டையின் ஆழத்தில் ஊசிபோல் ஒரு சிம்பு குத்தி நின்றது. அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "சார், வேகவைத்த எலும்பை நாய்க்குப் போடலாமா? நீங்கள் பாடம் நடத்துகிறவர் ஆயிற்றே!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாய் பிழைத்தது. அந்தச் சிம்பை நெடுநாள் என் மேசை அறையில் வைத்திருந்தேன்.

வேகவைத்த எலும்புக்கும் பச்சை எலும்புக்கும் என்ன வேறுபாடு? ஒரு சிறு சோதனையால் இதை அறியலாம். கோழித் தொடை எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து, வினிகரில் சில நாள் ஊறவிடுங்கள். இடையில் ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். எடுத்துப் பார்த்தால் எலும்பு இரப்பரைப்போல் வளையும். அமிலம் அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிட்டது. எஞ்சியது கொலாஜன் என்னும் புரத நார். மற்றோர் எலும்பை ஆசிரியர் முன்னிலையில் தீயில் நன்கு எரித்துப் பாருங்கள். வடிவம் மாறாமல் வெளுத்து நிற்கும். விரலால் அழுத்தினால் பொடியாகும். இம்முறை நார் எரிந்து போயிற்று, சுண்ணாம்பு எஞ்சியது. இவ்விரண்டும் சேர்ந்ததே எலும்பு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கால்சியம் பாஸ்பேட் சார்ந்த தாதுப்பொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி நார். தாது உறுதியைத் தருகிறது. நார் முறியாமற் காக்கிறது.

அடுப்பில் கொதிக்கும்போது அந்த நார் கரைந்து சாற்றில் இறங்குகிறது. ஆட்டுக்கால் சாறு ஆறியபின் பாகுபோல் இறுகுவதைக் கண்டிருப்பீர்கள். அது எலும்பை விட்டு வந்த நாரேயாகும். நாரை இழந்து உலர்ந்த எலும்பு, பல் பட்டவுடன் கண்ணாடிச் சில்லுபோல் கூராகச் சிதறுகிறது. பச்சை எலும்போ நசுங்கி, நார் நாராகப் பிரிகிறது.

அப்படியாயின் பச்சை எலும்பு முற்றும் நல்லதா? இங்கேதான் அறிஞர்கள் பிரிகின்றனர். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் வெளியிட்ட நூலொன்றில் நாய்களுக்குப் பச்சை எலும்பு இன்றியமையாதது என்று வாதிட்டார்; பலர் அவர் வழியைப் பின்பற்றினர். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமோ, கிருமி நீக்காத பச்சை இறைச்சியை நாய்க்கும் பூனைக்கும் இடுவதை ஊக்குவிக்கலாகாது என்று 2012இல் தீர்மானித்தது. பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். நாய் நோயுறாமலே அவற்றைச் சுமந்து வீட்டாருக்குக் கொடுக்கக்கூடும். நான் இரு தரப்புக்கும் நடுவே நிற்பவன். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் பச்சை எலும்பு வேண்டா. மற்ற வீடுகளில், வாரத்துக்கு ஒருமுறை, ஒழுங்கோடு கொடுக்கலாம். ஒழுங்கு இல்லையேல் கூழே போதும்.

அந்த ஒழுங்கில் முதலாவது, எலும்பைத் தெரிந்தெடுத்தல். நாயின் வாயைவிடப் பெரியதாக, முழுதாக விழுங்க முடியாததாக இருத்தல் வேண்டும். ஆட்டின் கழுத்தெலும்பு, சதையோடு கூடிய விலாப் பகுதி ஆகியன தகும். மாட்டின் கால் எலும்பு கல்லைப் போன்றது. நான் முன்னர்க் கூறிய அந்த மேல் கடைவாய்ப் பல்லே அதனால் பிளந்துவிடுவதுண்டு. வளையமாக அறுத்த நல்லி எலும்பு கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்ளும். அன்றியும் நல்லியில் கொழுப்பு மிகுதி. மிகுந்தால் அன்றிரவே நாய்க்கு வயிறு கழியும். அதைக் காட்டிலும் வீட்டை அழுக்காக்குவது வேறு என்ன உண்டு?

வீட்டைப் பற்றிப் பேசும்போது என் அன்னையாரை நினையாமல் இருக்க முடியாது. "எலும்பு உள்ளே வந்தா நாயும் வெளியே, நீயும் வெளியேல" என்பது அவர் வகுத்த சட்டம். ஆனால் நாய்க்கு அச்சட்டம் தெரியாது. எலும்பு கிடைத்ததும் அது தனக்கு மிகவும் பாதுகாப்பான இடத்தைத் தேடும். கூட்டமாக வாழ்ந்த அதன் மூதாதையர், பிற ஓநாய்கள் பறிக்காத ஒதுக்குப்புறத்தை நாடிய பழக்கம் அது. நம் வீட்டில் அத்தகைய இடம் எது? கட்டிலின் அடி, அல்லது பாட்டியின் பாய். நாய் அழுக்கை விரும்பி அங்கே செல்லவில்லை. அமைதியை விரும்பிச் செல்கிறது. ஆதலின் அதட்டுவது பயனற்றது. அதட்டினால் இன்னும் ஆழமாக உள்ளே போகும்.

நாம் செய்யத்தக்கது, அந்த அமைதியை வெளியே உண்டாக்கித் தருவதேயாகும். எங்கள் வீட்டில் பின்முற்றத்து வேப்பமர நிழலில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, நாயை மரத்தில் கட்டிவிட்டே எலும்பைக் கொடுப்பேன். எப்போதும் அதே மரம், அதே சாக்கு. தெருநாய் வாராதபடி கதவை அடைத்துவிடுவேன். சிறுவர்கள் அருகே செல்லலாகாது. சில வாரங்களில், சாக்கை எடுத்த அளவிலேயே நாய் மரத்தடிக்கு ஓடிப் படுத்துக்கொண்டது. முற்றமில்லாத வீட்டார் குளியலறையின் சிமெண்டுத் தரையையோ மாடித் தளத்தையோ பயன்படுத்தலாம். கழுவ முடிகின்ற தரையாக இருப்பதொன்றே தேவை. முதலில் வழக்கமான கூழை ஊட்டிவிட வேண்டும். பசித்த நாய் விழுங்கும். பசியாறிய நாய் கறுக்கும்.

இருபது நிமிடம் போதும். பின்னர் எலும்பை வாங்கிவிட வேண்டும். எப்படி வாங்குவது? கையால் பறிக்கலாகாது, வளர்த்தவனையே கடிக்கும் நேரம் அது ஒன்றுதான். அவித்த முட்டைத் துண்டு ஒன்றைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். நாய் எலும்பை விட்டு வரும். ஒருவர் அதற்கு முட்டையை ஊட்டும்போது மற்றவர் எலும்பை எடுத்துவிடலாம். ஒருவேளை பல் பட்டுவிட்டால், எவ்வளவு சிறிய கீறலாயினும், சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் அதற்கு மருந்தில்லை.

எடுத்த எலும்பைச் சுவருக்கு அப்பால் எறிபவர் உண்டு. காகம் அதைக் கொத்திச் சென்று அண்டை வீட்டு நீர்த்தொட்டியில் இடும். பின்னர் நேரும் பூசலை நான் வருணிக்க வேண்டியதில்லை. நாயிடமே விட்டுவிட்டாலோ அது புதைக்கும். கோடையில் கரிசல் இறுகி வெடித்துக் கிடப்பதால், அந்த வெடிப்பிலேயே எலும்பைத் திணித்துவிடும். ஐப்பசி மழை பெய்ததும் அதை நினைவுகூர்ந்து தோண்டும். நனைந்த கரிசல் களியின் இயல்பை இந்நாட்டார் அறிவர். நாலு காலிலும் அப்பிக்கொண்டு வந்தால், கூடம் முழுவதும் கறுப்புத் தடம்தான். தரையை முதலில் சோப்பு நீரால் கொழுப்புப் போகத் தேய்த்துவிட்டு, அதன்பின் பிளீச்சிங் தூள் கரைத்த நீரால் துடைக்க வேண்டும். கொழுப்பின்மேல் ஊற்றிய பிளீச்சிங் நீர் தன் வேலையைச் செய்யாது. சாணம் தெளித்தாலே கிருமி மாண்டுவிடும் என்று இன்றும் சிலர் சொல்கின்றனர். நான் அதை ஏற்பதில்லை.

அழுக்கைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கரிசற் காடு ஆட்டுக்கும் நாடு. விளாத்திகுளம் வட்டத்து வேம்பூரின் பெயரால் ஓர் ஆட்டினமே உள்ளது. எங்கள் தெருவில் ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மந்தையில் சில ஆடுகள் தலையைச் சாய்த்து, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து இறந்தன. இறந்த ஆட்டின் தலையை வெட்டி அவர் காவல் நாய்களுக்குப் போட்டுவந்தார். நோய் நிற்கவில்லை. கால்நடை மருத்துவர் விளக்கினார்: ஆட்டின் மூளையில் உள்ள நீர்க்கட்டியில் நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கிறது, தலையைத் தின்ற நாயின் குடலில் அது புழுவாக வளர்கிறது, அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுகிறது, அப்புல்லை மேய்ந்த ஆடு மறுபடியும் சுற்றுகிறது. பெரியவர் என்னிடம் வந்து, "வாத்தியாரையா, நோயை நானேல்லா கையால அள்ளிப் போட்டிருக்கேன்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்கு உறவான மற்றொரு புழு மனிதரையும் தாக்கும். அது ஒரு சென்டிமீட்டர் நீளங்கூட இல்லாதது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளைப் பச்சையாகத் தின்ற நாயிடம் அது வளர்கிறது. அதன் முட்டை நாயின் மயிரிலும் மண்ணிலும் ஒட்டி, நம் கைவழியே வாய்க்குச் சென்றால், நம் ஈரலில் நீர்க்கட்டி தோன்றும். ஆண்டுக்கணக்கில் வளர்ந்து அறுவை மருத்துவம்வரை கொண்டுபோகும். ஐஸ்லாந்து நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் மிகக் கொடியதாக இருந்தது. 1863இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்னும் அறிஞர் அங்குச் சென்று நாய்களை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய சிறு நூல் அந்நாட்டு மொழியில் வீடுகளுக்கு வழங்கப்பட்டது. ஆட்டின் கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு இடாமல் புதையுங்கள், எரியுங்கள் என்பதே அதன் சாரம். அது எழுத்தறிவு மிக்க நாடு, மக்கள் படித்தனர், பின்னர்ச் சட்டமும் துணை வந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அங்கே அற்றுப்போயிற்று.

ஆகவே கசாப்புக்கடையில் எலும்பு கேட்கும்போது ஈரலையும் நுரையீரலையும் தலையையும் சேர்த்து வாங்காதீர்கள். ஈரலை நாய்க்குக் கொடுத்தே ஆகவேண்டுமாயின் துண்டாக்கி அரைமணி நேரம் கொதிக்கவிடுங்கள். அதில் எலும்பில்லை, ஆதலால் சிம்பு அச்சமும் இல்லை. கால்நடை மருத்துவர் குறித்த நாளில் நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுங்கள். எலும்பைத் தொட்ட கையையும், நாயைத் தடவிய கையையும் சோற்றில் வைக்குமுன் கழுவுங்கள்.

பெரியவர் அதன்பின் இறந்த ஆட்டின் தலையை ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்து, மேலே பாறாங்கல் ஏற்றி வைப்பார். கோடையில் அந்தக் கரிசலில் அவ்வளவு ஆழம் வெட்ட இரண்டு ஆள் வேண்டும். இருமுறை கடப்பாரை பிடிக்க நானும் போயிருக்கிறேன்.