இராவணனுக்கு அருளிய திறம்



நம் அந்தியூருக்குத் தென்கிழக்கே, காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் விளங்குவது திருநணா என்னும் திருத்தலம். இன்று பவானி என வழங்கும் அத்தலத்துக்குத் திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது. அதன் எட்டாம் பாடலில், இலங்கை வேந்தனின் வலி தொலையுமாறு இறைவன் திருவிரல் ஊன்றிய செய்தி வருகின்றது. இது அத்தலத்துக்கு மட்டும் உரியதன்று. ஆளுடைய பிள்ளையாரின் பதிகங்களுள் பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடல் இராவணனைப் பற்றியதே. அப்பரடிகளும் பற்பல பதிகங்களின் இறுதிப் பாடலில் அவனை நினைக்கின்றார். அடியார்கள் எத்துணையோ பேர் இருக்க, இறைவனை எதிர்த்து எழுந்த ஒருவனை அருளாளர்கள் இத்தனை முறை நினைப்பானேன்?

கதை யாவரும் அறிந்ததே. விண்வழியே வந்த இராவணனின் ஊர்தி கயிலையின் அருகே தடைப்பட்டது. இஃது இறைவன் வீற்றிருக்கும் மலை என்று எடுத்துரைத்தும் அவன் கேட்டிலன். என் வழியை மறிக்கும் மலையைப் பெயர்த்தே தீர்வேன் என்று இருபது தோள்களையும் கொடுத்து எடுத்தான். மலை அசைந்தது. உமையம்மை அஞ்சினாள். அப்போது பெருமான் என் செய்தார்? எழுந்தாரல்லர், சூலத்தை ஏந்தினாரல்லர், காமனை எரித்த கண்ணைத் திறந்தாரல்லர். இருந்த இருக்கை மாறாமல் கால் விரலைச் சற்றே ஊன்றினார். அவ்வளவே. பத்துத் தலைகளும் நெரிந்தன.

வடநாட்டில் எல்லோராவில், 8ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த கயிலாசநாதர் கோயிலில் இக்காட்சியைச் சிற்பமாகக் காணலாம். கீழே அரக்கன் தோள்களை விரித்து முயல்கின்றான். மேலே அம்மை அஞ்சிப் பெருமானைப் பற்றிக்கொள்கின்றாள். பெருமான் திருமேனியிலோ பரபரப்பின் சுவடே இல்லை.

இவ்வமைதிக்குக் காரணம் யாது? பிறர் தந்த அரசைப் பிறர் பறித்தலும் கூடும். ஆதலின் மண்ணாளும் மன்னன் எதிர்ப்பைக் கண்டதும் அஞ்சுகின்றான், அஞ்சியதனால் சினக்கின்றான். சிவபெருமானுடைய எண்குணங்களுள் முதலாவது தன்வயத்தனாதல். அவன் தலைமை யாரும் கொடுத்ததன்று. யாரும் பறிக்கத் தக்கதுமன்று. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் ஏது? அச்சமில்லாதவனுக்குப் பகை ஏது?

புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையை நீங்கள் ஆண்டுதோறும் காண்கின்றீர்கள். பழகாத குதிரை திமிறும்போது, தொழில் தெரியாதவன் கத்துவான், அடிப்பான். தேர்ந்தவனோ கடிவாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, அது திமிறும் மட்டும் திமிறட்டும் என்று பொறுத்திருப்பான். அக்குதிரை அவனுக்கு வேண்டும். இறைவனுக்கும் உயிர்கள் அத்தகையனவே.

பொறுத்தவன் விரலை மட்டும் ஏன் ஊன்ற வேண்டும் எனின், அதுவும் கருணையே. இறைவன் கருணையை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் நம் பெரியோர் இருவகைப்படுத்துவர். மகனைத் தந்தை கண்டிப்பது பகையால் அன்று. அதுபோல ஈசன் ஒறுத்தலும் அன்பினாலேயே என்பது அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்டும் உண்மை. செருக்கு நெரியும் அளவே விரல் ஊன்றிற்று. அரக்கன் அழுதான், பின்னர்ப் பாடினான். பாடியவனுக்கு வாளும் வாழ்நாளும் தந்து விடுத்தார் பெருமான்.

அருளாளர்கள் அவனை நினைத்த காரணத்தைச் சேக்கிழார் பெருமானே விளக்கியுள்ளார். மண்ணுலகத்தார் பிழை செய்தாலும், வந்து அடைந்தால் கண்ணுதற் கடவுளின் பெருங்கருணை ஏற்றுக்கொள்ளும். இதனைக் காட்டவே பிள்ளையார் இராவணனைப் பாடினார் என்கின்றார். அப்பர் வரலாறு இன்னும் நெஞ்சை உருக்குவது. சைவத்தை விட்டு நீங்கித் தருமசேனராய் வாழ்ந்தவர், சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்கு மீண்டார். இறைவன் அவருக்கு நாவுக்கரசு என்று பெயர் சூட்டினான். தீவினையேனுக்கு இப்பேறு தக்கதோ என்று மருண்டவர், இராவணனுக்கு அருளிய கருணையின் உண்மையை உணர்ந்தார். அதனைத் துதிப்பதையே மேற்கொண்டார். அவ்வரக்கனிடத்தில் அவர் தம்மையே கண்டார் போலும்!

சில ஆண்டுகளுக்கு முன் ஓரூரில் விரிவுரை முடிந்தபின் உழவர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகனை விபத்தில் பறிகொடுத்த நாள்தொட்டுப் பூசை அறையைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார். "சாமியைத் திட்டாத திட்டு இல்லீங்க. இனி நான் கோயிலுக்குள்ள வரலாங்களா?" என்று கேட்டார். நாம் சொன்னோம்: "ஐயா, மகனை ஏன் அழைத்துக்கொண்டான் என்று சொல்ல நமக்கு அறிவு போதாது. ஒன்று மட்டும் அறிவோம். செருக்கினால் மலையை எடுத்தவனையே ஏற்றுக்கொண்டவன், துயரத்தால் கதவைப் பூட்டிய உங்களை வெறுப்பானா? நீங்கள் திட்டியபோதும் அவன் உங்களைப் பகைவராக எண்ணவில்லை." அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் கூட்டத்தில் ஓரமாக அமர்ந்திருந்தார். நெற்றியில் நீறு இருந்ததா என்று நாம் பார்க்கவில்லை. வந்தாரே, அது போதும். வந்து அடைந்தால் என்றுதானே சேக்கிழார் சொன்னார்?

பல சிவாலயத் திருவிழாக்களில் பெருமான் கயிலாய வாகனத்தில் எழுந்தருள்வதைக் கண்டிருப்பீர்கள். கீழே இராவணன், அவன்மேல் மலை, மலைமேல் அம்மையப்பர். பெயர்த்தெறிய முயன்ற தோள்களே இன்று பெருமானைச் சுமந்து வீதியுலா வருகின்றன. அவ்வாகனத்தைத் தொழும்போது கீழே இருப்பவனையும் ஒருகணம் நோக்குங்கள். நம் வீட்டில் கோயிலை மறந்தவர், கோபித்துக்கொண்டவர் எவரேனும் இருந்தால் அவரைக் கடிந்து பேசாதீர்கள். ஆண்டவன் பொறுத்திருக்கின்றான், நாமும் பொறுத்திருப்போம்.

திருச்சிற்றம்பலம்.