உங்களுக்குத் தெரியுமா? எலும்பை வெட்டாமலே முட்டிக்காலை நிமிர்த்தலாம்

நிற்கும்போது முழங்கால்கள் இடித்துக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கும் முட்டிக்கால், மூன்று, நான்கு வயதில் இயல்புதான். பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தானே சரியாகிவிடும். விசேஷ ஷூ தேவையில்லை. ஆனால் பத்து வயதைத் தாண்டியும் வளைவு அதிகமாக இருந்தால், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது தவறு. வளர்ச்சி முடிந்துவிட்டால் எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும். வளர்ச்சி மிச்சமிருக்கும்போதோ, அதையே சிகிச்சையாக்கலாம். முழங்காலருகே எலும்பு நீளும் குருத்தெலும்பின் உட்பக்கத்தை மட்டும் தற்காலிகமாகக் கட்டிவைத்தால், வெளிப்பக்கம் தொடர்ந்து வளர்ந்து காலை மெல்ல நேராக்கும். அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளண்ட் 1949இல் இதற்கு உலோகக் கவ்விகளைப் பயன்படுத்தினார். பீட்டர் ஸ்டீவன்ஸ் 2007இல் வெளியிட்ட முறையில் இரண்டு திருகுகள் கொண்ட சிறு பிளேட் போதும்.

குழந்தையின் வளர்ச்சியே நின்றுவிடாதா என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால் திருகுகள் குருத்தெலும்பைத் துளைப்பதில்லை. ஒன்று அதற்கு மேலே, மற்றொன்று கீழே. கால் நேரானதும், பொதுவாக ஓராண்டு வாக்கில், பிளேட்டை எடுத்துவிட்டால் வளர்ச்சி பெரும்பாலும் தொடரும். மீண்டும் வளையாதா என்று கேட்டால், சில குழந்தைகளுக்கு, குறிப்பாகச் சிறு வயதில் செய்துகொண்டவர்களுக்கு, வளைகிறதுதான். அதனால்தான் வளர்ச்சி முடியும்வரை பரிசோதனை அவசியம். வைட்டமின் டி குறைபாட்டால் வந்த ரிக்கெட்ஸ் என்றால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். கத்திக்கு வேலையே இல்லாமலும் போகலாம்.