வளர்த்து விட்ட வாத்தும் வந்திறங்கும் வாத்தும்

இங்கிலாந்திலும் பிரான்சிலும் வேட்டைக்கென்றே வாத்து வளர்க்கிறார்கள். பச்சைத்தலை வாத்தின் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தால் 28 நாளில் குஞ்சு வெளிவரும். சில வாரம் விளக்குச் சூட்டில் வளர்த்து, இறகு முளைத்ததும் குளத்தில் கொண்டு விடுகிறார்கள். தினமும் ஒரே வேளையில் கரையில் கோதுமையோ பார்லியோ இறைப்பதால் அவை அந்த இடத்தைவிட்டு நகருவதில்லை. பருவம் தொடங்கியதும் கிளப்பிப் பறக்கவிட்டுச் சுடுகிறார்கள். ஐரோப்பாவில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் இப்படி விடப்படுவதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்தியாவில் இதற்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் பெற்றுச் சுடுவதற்கு இருந்த வழியையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. ஆனால் அந்த வேட்டைக்கு அடியில் உள்ள நம்பிக்கை, அதாவது வாத்தை வளர்த்து விட்டால் குளத்தில் வாத்து பெருகும் என்பது, நம் ஊரிலும் கேட்கக்கூடியதுதான். அது தவறு. குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பொறுத்தவரை கேடும்கூட.

பிரான்சின் தென்கோடியில் உள்ள கமார்க் சதுப்பு நிலத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன. விடப்பட்ட வாத்துகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. தானியம் தின்று வளர்ந்த பறவைக்கு இரைப்பை வலுப்பதில்லை. வாத்தின் அலகு ஓரத்தில் சீப்புப் பற்கள்போல வரிசையாக மெல்லிய தகடுகள் உண்டு. சேற்றுநீரை வடித்து நுண்ணிய விதைகளைப் பிடிப்பது அவைதான். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் வளர்ந்த பறவைகளில் அந்தத் தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அகன்றுபோகிறது. தப்பிப் பிழைப்பவை செய்வது இன்னும் மோசம். நியூசிலாந்தில் வேட்டைக்காக வளர்த்து விட்ட பச்சைத்தலை வாத்து, அந்நாட்டுச் சாம்பல் வாத்தோடு கலந்து, கலப்பற்ற சாம்பல் வாத்தையே அரிதாக்கிவிட்டது. அந்தச் சாம்பல் வாத்துக்கு நெருங்கிய உறவுதான் நம் குளங்களில் காணும் புள்ளிமூக்கு வாத்து. நாம் வளர்க்கும் நாட்டு வாத்தோ பச்சைத்தலை வாத்தின் வழிவந்தது. ஆகவே இங்கும் அதே கலப்பு நேரலாம்; அழகுக்காகக் குளத்தில் நாலு வாத்தை அவிழ்த்துவிடுவதும் சின்ன விஷயமல்ல.

நாஞ்சில் நாட்டுக்கு யாரும் வாத்து வளர்த்து விடத் தேவையில்லை. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி ஏறத்தாழ 94 ஹெக்டேர். அதே ஆண்டு சேர்ந்த வேம்பனூர் 20 ஹெக்டேர்கூட வராது. இவ்வளவு சிறிய பரப்புக்கு நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் சைபீரியா வரையுள்ள வடபுலத்திலிருந்து பனிக்காலத்தில் வந்திறங்குகின்றன. ஆழமில்லாத நீர், கரையோரப் புல், பக்கத்திலேயே நெல் வயல்: இவைதான் அவற்றை அழைக்கின்றன. இந்தக் குளங்களில் நீர் நிற்பதற்குக் காரணம் பழையாறும், 1906-இல் கட்டிமுடிந்த பேச்சிப்பாறை அணையின் பாசனமும், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நடும் விவசாயியும்தான்.

வேட்டைக்காரரின் பணம்தானே பல நாடுகளில் நீர்நிலைகளைக் காப்பாற்றியது என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர்கள் 1934 முதல் வாங்கிவரும் ‘டக் ஸ்டாம்ப்’ என்ற வேட்டை முத்திரையின் வருமானம் கோடிக்கணக்கில் சேர்ந்தது. ஆனால் அந்தப் பணம் வாங்கியது சதுப்பு நிலத்தை. வாத்துக் குஞ்சுகளை அல்ல. ராஜஸ்தானில் உள்ள நம் பரத்பூர் சதுப்பு நிலம் இன்னும் நல்ல சாட்சி. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அத்தனையும் தானாக வந்த பறவைகள். பிற்காலத்தில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு, பாஞ்சனா அணையிலிருந்து நீர் வருவது நின்றபோதுதான் பரத்பூர் வெறிச்சோடியது. தண்ணீர் இருந்தால் பறவை வரும். இல்லையென்றால் எதை வளர்த்து விட்டும் பயனில்லை.

அப்படியானால் வாத்து மேய்ப்பவர் பிழைப்பு என்னாவது? அவர்களுக்கு இங்கே நியாயமான இடம் உண்டு. அறுத்தடிப்பு முடிந்த வயலில் நூற்றுக்கணக்கான வாத்துகள் தாளுக்கிடையே அலகை நுழைத்து உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் பொறுக்குகின்றன. எச்சம் வயலுக்கு உரமாகிறது. முட்டை மேய்ப்பவருக்கு வருமானம். வளர்ப்பு வாத்தின் இடம் அந்த வயல். பறவைகள் கூடும் குளத்தில் அதே மந்தையை இறக்கினால் நோய் இரண்டு பக்கமும் தாவும். 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோது வாத்து வளர்ப்பவர்களே முதலில் அடிபட்டார்கள். எனவே கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களில் மந்தையை இறக்கக் கூடாது. மேய்ப்பவர்களோடும் பாசனச் சங்கங்களோடும் பேசி இந்த ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும். குளத்தைத் தூர்க்காமல், ஆகாயத்தாமரை மண்டவிடாமல் பார்த்துக்கொள்வது ஊராரின் பொறுப்பு. வாத்தை விட வேண்டாம். குளத்தை விட்டுவைத்தால் போதும்.