மைலேஜும் வேண்டும், பிக்கப்பும் வேண்டும்!
ஒரே என்ஜினில் இரண்டும் கிடைக்குமா?

கார் வைத்து இருப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டு ஆசை உண்டு. பெட்ரோல் செலவு குறைய வேண்டும். அதே சமயம், மேட்டில் ஏறும்போது கார் குதிரை போலப் பாய வேண்டும்.

இது நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது! இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். "இந்தச் சிறு பெட்டியை மாட்டுங்கள். மைலேஜும் கூடும், பிக்கப்பும் கூடும்" என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாற மாட்டீர்கள்.

கலவைப் பக்குவம்

என்ஜினுக்குள் எரிவது பெட்ரோல் மட்டும் அல்ல. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை. சமையலுக்குப் பக்குவம் இருப்பது போல, இந்தக் கலவைக்கும் பக்குவம் உண்டு.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் இல்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றைக் கொஞ்சம் கூட்டி, 15.5 அல்லது 16 கிலோ ஆக்கினால் பெட்ரோல் மிச்சம் ஆகும். காற்றைக் குறைத்து, 12.5 அல்லது 13 கிலோ ஆக்கினால் சக்தி கூடும். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம்கூட வீணாகாமல் எரிக்க, கூடுதல் பெட்ரோல் உதவுகிறது. என்ஜினின் சூட்டையும் அது தணிக்கிறது.

மிச்சத்துக்கு ஒரு பக்குவம். சக்திக்கு வேறு பக்குவம். ஒரே கலவை இரண்டுக்கும் உதவாது.

கார்புரேட்டர் காலம்

முன்பு பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இருந்தது. காற்று பாயும் வேகத்தில், சிறு துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படும். மெக்கானிக் திருகாணியைத் திருகுவார். துளை உள்ள 'ஜெட்'டை மாற்றுவார். மிச்சம் பிடித்தால் இழுவை போகும். இழுவை வந்தால் டாங்கி காலி ஆகும்!

1954-ம் ஆண்டில் ஜெர்மனியில் 'மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.' என்ற கார் வந்தது. அதில் கார்புரேட்டர் இல்லை. ஒரு பம்பு பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சியது. கார் பறந்தது. ஆனால் ஒரு வேடிக்கை. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும், என்ஜின் சுழன்று நிற்கும் வரை பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருந்தது!

1967-ம் ஆண்டில் 'வோக்ஸ்வாகன் 1600' காரில், போஷ் கம்பெனி மின்னணு மூளையை வைத்தது. 1976-ம் ஆண்டில் வால்வோ காரின் புகைக் குழாயில் ஒரு சென்சார் வந்தது. சமையல்காரர் சாம்பாரை ருசி பார்ப்பது போல, அது புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும். உடனே மூளைக்குச் சேதி சொல்லும். மூளை பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

மூளைக்குள் வாய்ப்பாடு

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் வினாடிக்கு 25 முறை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எப்போது, எவ்வளவு என்று மூளைக்கு எப்படித் தெரியும்?

அதற்குள் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. ஒரு பக்கம் என்ஜினின் வேகம். மறு பக்கம் அது சுமக்கும் பாரம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். பெட்ரோலுக்கு ஒரு வாய்ப்பாடு, தீப்பொறி விழும் நேரத்துக்கு இன்னொன்று.

இந்த எண்களைச் சீர் செய்வதுதான் இன்றைய டியூனிங்! சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, கம்ப்யூட்டரை இணைத்து, கட்டம் கட்டமாகப் பார்ப்பார்கள்.

சமதரையில் நிதானமாக ஓடும் கட்டங்களில் 14.7 என்ற கணக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கருவிக்கு அந்தக் கணக்குதான் தேவை. ஆக்சிலேட்டரை முழுதும் மிதிக்கும் கட்டங்களில் மட்டும் 12.5, 13 என்று பெட்ரோலைக் கூட்டுவார்கள். ஓடும்போது மிச்சம், ஏறும்போது சக்தி. இப்படித்தான் இரண்டு ஆசையும் நிறைவேறுகின்றன.

பிஸ்டன் உருகும்!

சிலர் பேராசைப்படுகிறார்கள். முழு பாரத்திலும் பெட்ரோலைக் குறைக்கச் சொல்கிறார்கள். இது ஆபத்து. சூடு ஏறும். வால்வு கருகும். பிஸ்டன்கூட உருகலாம்.

தீப்பொறியிலும் ஓர் எல்லை உண்டு. கொஞ்சம் முன்கூட்டி விழுந்தால் சக்தி கூடும். மிகவும் முந்தினால் என்ஜினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்.

டர்போ இல்லாத சாதாரணக் காரில், கம்பெனிக்காரர்களே ஏறக்குறைய எல்லை வரை டியூன் செய்துதான் அனுப்புகிறார்கள். மேலும் கிடைப்பது சொற்பம். டர்போ காரில் கூடுதல் சக்தி கிடைக்கும். ஆனால் கிளட்சும் கியரும் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். வாரண்டியும் போய்விடலாம்.

எத்தனால் கணக்கு

2025-ம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு. எனவே மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் எத்தனால் எளிதில் 'தட்டாது'. அதற்கென்றே அமைத்த என்ஜினில் தீப்பொறியை முன்கூட்டி விடலாம். இழந்ததில் ஒரு பகுதியை மீட்கலாம்.

காசு இல்லாத டியூனிங்

கம்ப்யூட்டரைத் தொடும் முன், கவனிக்க வேண்டியவை சில உண்டு.

டயரில் சரியான காற்று இருக்கட்டும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை மாற்றுங்கள். 'செக் என்ஜின்' விளக்கு எரிந்தால் அலட்சியம் வேண்டாம். ருசி பார்க்கும் சென்சார் கெட்டிருந்தால், பெட்ரோல் வீணாகும். ஏர் பில்டர் அடைத்தால், பழைய காரில் பெட்ரோல் குடிக்கும். இன்றைய காரில், காற்று குறைவதைப் பார்த்து மூளை பெட்ரோலையும் குறைத்துவிடும். ஆனால் பிக்கப் போய்விடும்.

இன்னொரு தவறான பழக்கம் உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு! கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், மூளை பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால், என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். மலைப்பாதையில் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால், காருக்குள் இருக்கும் குழந்தை குட்டிகளின் கதி என்ன?

அடுத்த முறை யாராவது "மைலேஜும் பிக்கப்பும் கூட்டித் தருகிறேன்" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த வேகத்தில் மைலேஜ் கூடும்? எந்தப் பாரத்தில் பிக்கப் கூடும்?"

தெளிவாகப் பதில் சொன்னால், மேற்கொண்டு பேசலாம். விழித்தால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்!