கவளம் இறங்காத தொண்டை

மாத்தளையில் ஒரு பிள்ளை உணவைத் தள்ளி வைத்தால் “வயிற்றிற் பூச்சி” என்பதே பெரியோர் முதலிற் கூறும் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கையிற் கொழுக்கிப் புழுவை ஒழிக்க முற்பட்டபோது, 1916ஆம் ஆண்டில், தங்கள் பணியைத் தொடங்கியது மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலேதான். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நின்றோரின் தோலைத் துளைத்துப் புகுந்த அப்புழு, குடலிற் குடியேறி இரத்தத்தை உறிஞ்சியது.

இத்தகைய புழுக்களை எதிர்ப்பதற்கென்றே நம் குருதியில் ஒருவகை வெள்ளணுக்கள் உள்ளன. 1879இல் போல் ஏர்லிக் என்னும் ஜெர்மானியர், இயோசின் என்ற செஞ்சாயத்தை ஈர்த்துக்கொண்ட அவற்றை இனங்கண்டார். ‘இயோஸ்’ என்பது கிரேக்கரின் வைகறைத் தெய்வம். அணுவுக்கு ‘இயோசினோபில்’ என்ற பெயர் அச்சாயத்தின் வழியே வந்தது.

புழுவே இல்லாத உடலிலும் இவ்வணுக்கள் திரண்டு உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ குடலிலோ பாளையமிறங்கிப் புண்படுத்துவதுண்டு. பால், கோதுமை, முட்டை போன்ற உணவுகளின் ஒவ்வாமை பலரிடம் இதனைத் தூண்டுகிறது. உணவுக்குழாயைப் பற்றும் வகை, தனியொரு நோயென 1990களிலேயே தெளிவாயிற்று. தொய்வு, கரப்பான் உள்ளவரிடம் அது மிகுதி.

கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், கக்கும், எடை ஏறாது. சற்று வளர்ந்த பிள்ளை வயிற்றுவலி என்று அழும், அடிக்கடி வாந்தியெடுக்கும். அதனைப் பிடிவாதம் என்று நாம் அடிப்பதும் உண்டு, என்ன கொடுமை! வளர்ந்தோரிடம் குறி வேறு. ஒவ்வொரு கவளத்திற்கும் தண்ணீர் குடிப்பார்; இறைச்சியை நுணுக்கி நெடுநேரம் மெல்வார்; பந்தியில் எல்லாரும் எழுந்த பின்னரும் அவர் இலை முன் இருப்பார். ‘நிதானமாக உண்பவர்’ என்று நாம் புகழ்வோம். அவரோ ஆண்டுக்கணக்காகத் தம் தொண்டையோடு போராடுகிறார். இறைச்சித் துண்டு சிக்கி உமிழ்நீரும் விழுங்க இயலாதாயின், ஒரு கணமும் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குடலைப் பற்றும் வகையில் வயிற்றோட்டம், உடல் மெலிவு, சிலரிடம் வீக்கமும் காணப்படும்.

இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. அதில் இவ்வணுக்கள் மிகாமலே நோய் இருக்கலாம். குழாய்வழி உள்நோக்கிச் சிறு தசைத்துணுக்குகளை எடுத்து நுண்பெருக்கியில் ஆராயவேண்டும். உணவுக்குழாயில், உயர் உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்குப் பதினைந்து அணுக்களேனும் காணப்படுவது முக்கியமான சான்று.

எனினும் நம் பெரியோரின் பூச்சிப் பேச்சை எள்ளி நகையாடல் ஆகாது. ஸ்ட்ரோங்கிலோய்டிஸ் என்னும் புழு பல்லாண்டு மறைந்து வாழக்கூடியது. அதை அறியாமல் உடல் முழுவதும் பரவும் ஸ்டெரொயிட் மருந்தைக் கொடுத்தால், புழு பெருகி உயிரையே பறிக்கலாம். ஆதலின் புழு இல்லையென்று முதலிற் தெளிதல் இன்றியமையாதது. பின்னரே உணவு விலக்கு, அமிலம் தணிக்கும் மருந்து, உணவுக்குழாயிற் படிய விழுங்கும் ஸ்டெரொயிட் முதலியவற்றை வைத்தியர் தெரிவார். தாய்மார் தாமாகவே பாலையும் முட்டையையும் நிறுத்தினால், மெலிந்த பிள்ளை மேலும் மெலியும்.

பூச்சி மருந்து கொடுத்தும் வாந்தி நிற்கவில்லை எனில், எந்த உணவுக்குப் பின் வந்தது, உண்டு முடிக்க எவ்வளவு நேரமாயிற்று என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.